உயரக் குறைவு நோயா? நாங்கள் இரண்டு ஆண்டு தாமதமாகக் கற்ற பாடம்



இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பல நாள் பேசினோம். நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றியது இது. சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டோம். "எழுதுங்க அக்கா, என் பேரு மட்டும் வேணாம்" என்றாள் அவள். அதனால் பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் இதில் இருக்காது.

வட மாவட்டம் ஒன்றில், காலனிப் பிள்ளைகளுக்காக மாலைப் பள்ளி நடத்துகிறோம். அவள் எங்களிடம் ஐந்தாம் வகுப்பிலிருந்து வருகிறாள். அவளுடைய பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உயரப்படி வரிசை நிற்க வைப்பார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு பின்னால் நகர்ந்துகொண்டே போக, இவள் மட்டும் முதல் இடத்திலேயே நின்றாள். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கே திரும்ப எழுத மாட்டோம்.

அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. மகளுக்குப் பதினோரு வயது நடக்கும்போது அப்படி ஒரு நாள் கூலியை இழந்து, பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். மருத்துவர் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும், "உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தாம்மா இருப்பீங்க. முட்டை, கடலை குடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மா எங்களிடம் வந்தார். "டீச்சர், இவ வளரவே மாட்டேங்கறா. வளர்றதுக்கு ஏதோ ஊசி இருக்காமே, டிவில சொன்னாங்க. போடலாமா?"

அந்த மருத்துவர் மீது எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு சாதியின் உடம்பே இப்படித்தான் என்று சொல்வது புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் ரிஸ்லி என்கிற அதிகாரி மூக்கை அளந்து, சாதியை இனமாகப் பிரித்துக் காட்டப் பார்த்தார். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில் அண்ணல் அம்பேத்கர் அதே மூக்களவுக் கணக்குகளை எடுத்து, பிராமணருக்கும் தீண்டப்படாதோருக்கும் இன வேறுபாடு என்று ஒன்றும் இல்லை என்று காட்டினார். அதையெல்லாம் படித்தவர்கள் நாங்கள். அந்தக் கோபத்தில்தான் அம்மாவுக்குப் பதில் சொன்னோம். பதில் என்ன, ஒரு சொற்பொழிவே நடத்தினோம்.

முதுகலைச் சமூகவியலில் 'மருத்துவமயமாக்கல்' என்று ஒரு பாடம் உண்டு. சமூகத்தின் சிக்கல் ஒன்றை உடம்பின் நோயாக மாற்றி, மாத்திரையும் ஊசியும் கொடுப்பதைப் பற்றியது. அதற்கு எடுத்துக்காட்டாக நாங்கள் படித்ததே வளர்ச்சி ஹார்மோன் கதைதான். அம்மாவுக்குச் சொன்ன அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறோம். அதில் பொய் எதுவும் இல்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்பார்கள். குழந்தை வளர்வதற்கான ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. அது சுரக்காத குழந்தைகளுக்கு, இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து ஹார்மோனைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போடும் முறை 1958இல் அமெரிக்காவில் தொடங்கியது. கிடைத்த மருந்து கொஞ்சம். அதனால் உண்மையில் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்த நாட்டில் ஏறத்தாழ 7,700 பேர் இதைப் பெற்றார்கள். 1985இல், இந்த ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த இளைஞர்கள் சிலர் மூளையை அழிக்கும் கொடிய நோயால் இறந்தது தெரியவந்தது. இறந்தவர்களின் சுரப்பி வழியாக நோய் வந்திருந்தது. உடனே நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் 200க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பிரான்சில்.

அதே 1985இல், ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பழைய ஆபத்து இதில் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். இங்கேதான் கதை திரும்புகிறது. மருந்து கொஞ்சமாக இருந்தபோது 'யாருக்குக் கட்டாயம் தேவை' என்று கேட்டவர்கள், ஏராளமாக ஆனதும் 'இன்னும் யாருக்கெல்லாம் கொடுக்கலாம்' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஹார்மோன் சரியாகச் சுரந்தும் உயரம் குறைந்த குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு இந்த ஊசி பலன் தருமா என்று பார்க்க, 1988இல் பெத்தெஸ்டா நகரிலுள்ள அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை தொடங்கியது. மருந்து தந்தது எலி லில்லி நிறுவனம். 9 முதல் 16 வயது வரை உள்ள 68 குழந்தைகள் சேர்ந்தார்கள். சிலருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. வாரம் மூன்று முறை. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. சராசரியாக 4.4 ஆண்டு நடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த நோயும் இல்லாத ஒரு குழந்தை 600க்கும் மேற்பட்ட வெறும் ஊசிகளைக் குத்திக்கொண்டது.

1992இல் அங்கே இதை எதிர்த்து மனு போட்டார்கள். ஜெரமி ரிஃப்கினின் அமைப்பும், பொறுப்பான மருத்துவத்துக்கான மருத்துவர் குழு ஒன்றும் அதில் முன்னால் நின்றன. குழந்தைகள் மீதான ஆய்வுக்கு அமெரிக்காவில் தனி விதி உண்டு. நேரடிப் பலன் இல்லாமல் ஒரு குழந்தையைச் சிறிது கூடுதலான ஆபத்துக்கு உட்படுத்த வேண்டுமென்றால், அந்த ஆய்வு குழந்தைக்கு இருக்கும் ஒரு நோயை அல்லது உடல்நிலைக் கோளாறைப் பற்றிய முக்கியமான அறிவைத் தர வேண்டும். அப்படியானால் உயரக் குறைவு ஒரு கோளாறா? வழக்கின் கழுத்து அங்கேதான் இருந்தது. புதிதாகக் குழந்தைகளைச் சேர்ப்பது கொஞ்ச காலம் நின்றது. நிபுணர் குழு பார்த்துவிட்டுத் தொடரலாம் என்றது. தொடர்ந்தார்கள்.

முடிவு 2004இல் வெளியானது. முழு உயரம் வரை அளக்க முடிந்தது 33 பேரை. மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.7 சென்டிமீட்டர் உயரம் கூடியிருந்தார்கள். ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. இந்தக் கட்டுரை வெளியாகும் முன்பே, 2003 ஜூலையில், காரணம் தெரியாத உயரக் குறைவுக்கு இந்த மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி தந்துவிட்டது. அளவுகோல் என்ன தெரியுமா? அந்த வயதுக் குழந்தைகளில் ஆகக் குட்டையான 1.2 விழுக்காட்டினர். எல்லோரும் ஒரு அடி வளர்ந்துவிட்டாலும் ஆகக் குட்டையான 1.2 விழுக்காட்டினர் இருக்கத்தானே செய்வார்கள்? கேலி செய்பவனை விட்டுவிட்டு, கேலிக்கு ஆளான குழந்தையின் தொடையில் ஊசி போடும் ஏற்பாடு இது என்பது எங்கள் கருத்து. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

இதைத்தான் அம்மாவிடம் எளிமையாகச் சொன்னோம். "உங்க பொண்ணுகிட்ட எந்தக் குறையும் இல்ல. ஊசி விக்கிறவங்களுக்குத்தான் குறை தேவைப்படுது. நம்ம பிள்ளைங்க உயரம் குறைவா இருக்குதுன்னா அது சாப்பாட்டுப் பிரச்சினை, அரசியல் பிரச்சினை" என்றோம். அதற்கும் ஆதாரம் வைத்திருந்தோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடையே இது இன்னும் கூடுதல்.

அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் வேறு, "பொம்பளப் புள்ளதானே, குட்டையா இருந்தா என்ன, மாப்பிள்ளை கிடைக்கிறது சுலபம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெத்தெஸ்டா சோதனையில் இருந்த 68 பேரில் 53 பேர் ஆண் பிள்ளைகள் என்பதை நாங்கள் படித்திருந்தோம். ஆண் பிள்ளை குட்டையானால் வீடே மருத்துவமனைக்கு ஓடும், பெண் பிள்ளையானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்பதை அதிலிருந்து புரிந்துகொண்டிருக்க வேண்டும். கண்முன்னே ஒரு பெண் பிள்ளை நின்றாள். எங்களுக்கு உறைக்கவில்லை.

இரண்டு ஆண்டு போனது.

எங்கள் மாலைப் பள்ளியில் படித்து இப்போது நர்சிங் படிக்கும் ஒரு பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். கல்லூரியில் கொடுத்த வேலைக்காக எல்லாப் பிள்ளைகளையும் சுவரோரம் நிற்க வைத்து அளந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்த பழைய அளவுகளையும் வாங்கிவந்து பக்கத்தில் எழுதினாள். மறுநாள் எங்களைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, சத்துக் குறைவான மத்த பிள்ளைங்க எல்லாம் குட்டையா இருந்தாலும் வருசத்துக்கு அஞ்சு சென்டிமீட்டராவது வளர்ந்திருக்குதுங்க. இவ ரெண்டு வருசத்துல நாலு சென்டிமீட்டர்தான். 114ல இருந்து 118. இது சாப்பாடு மட்டும் இல்லக்கா."

எங்களுக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அந்த மருத்துவர் அளக்கவில்லை. தெருப்பெயரைக் கேட்டே முடிவு செய்தார். நாங்களும் அளக்கவில்லை. நாங்களும் தெருவை வைத்துத்தான் முடிவு செய்தோம். அவர் சாதித் திமிரில் சொன்னார், நாங்கள் அரசியல் தெளிவில் சொன்னோம். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு பெண் மருத்துவர் முதலில் செய்த வேலை, அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்ததுதான். பிறகு தைராய்டு பார்த்தார்கள். பெண் பிள்ளை என்பதால் குரோமோசோம் பரிசோதனையும் செய்தார்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எலும்பின் வயது ஒன்பதுதான் இருந்தது. இன்னொரு நாள் வெறும் வயிற்றில் வரச் சொல்லி, ஒரு மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை தூக்கிப்போடும். அவள் அம்மா மடியில் தூங்கித் தூங்கி விழுந்தாள். மாத்திரையின் தூண்டுதலுக்கு ஹார்மோன் ஏற வேண்டும். அவளுக்கு ஏறவே இல்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு.

"எலும்பு வயசு கம்மியா இருக்கிறது ஒரு விதத்துல நல்லது. இன்னும் கொஞ்ச காலம் இருக்கு. எலும்பு நுனி மூடிட்டா அப்புறம் எந்த ஊசியும் வேலை செய்யாது" என்றார் மருத்துவர். பிறகு எங்களைப் பார்த்து, "ரெண்டு வருசம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். அம்மா எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வேலை இருந்துச்சும்மா" என்று சொன்னார்.

அவளுக்குத் தேவைப்பட்டது, நாங்கள் எதிர்த்துப் பேசிய அதே ஊசி. தினமும் ஒன்று, பல ஆண்டுகளுக்கு. வெளியில் வாங்க வேண்டுமென்றால் அம்மாவின் சம்பளம் முழுக்கப் போட்டாலும் போதாது. அந்த மருத்துவர்தான் ஒரு வழி சொன்னார். வேறொரு நகரத்து மருத்துவமனையில் ஒரு சோதனை நடக்கிறது. தினமும் போடும் ஊசிக்கு ஈடாக, வாரம் ஒருமுறை போடும் ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓர் ஆண்டு. மருந்தும் பயணச் செலவும் அவர்களுடையது.

'சோதனை' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கம்மம். 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுள்ள ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. கம்மத்தில் அதில் நிறையப் பேர் ஆதிவாசிப் பிள்ளைகள், விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. ஏழு பிள்ளைகள் இறந்திருந்தார்கள். தடுப்பூசியால் அல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

அம்மா படிவத்தைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். இந்த முறை நாங்கள் சொற்பொழிவு நடத்தவில்லை. நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்த அமெரிக்காவுல மாதிரி வெறும் ஊசி போடுவாங்களா?" இரண்டு ஆண்டுக்கு முன் சொன்னதை அவர் மறக்கவில்லை. இதில் வெறும் ஊசி இல்லை. இரு குழுவுக்கும் உண்மையான மருந்துதான், ஒன்று தினசரி, இன்னொன்று வாராந்திரம். பெத்தெஸ்டாவுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு அது. இரண்டாவது, இவளுக்குக் குறைபாடு இருப்பது ரத்தத்திலும் எலும்பிலும் தெரிந்திருக்கிறது.

நாங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம். இந்தியாவில் மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவாக வேண்டும், அந்த எண் என்ன? நெறிமுறைக் குழுவை யாரிடம் தொடர்புகொள்வது? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? உடம்புக்குக் கேடு வந்தால் 2019 விதிகளின்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவது? கையெழுத்திட்ட படிவத்தின் நகல் கிடைக்குமா? வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்க நேரம் உண்டா? ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலின்படி பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளை தன் சம்மதத்தைத் தானே எழுதித் தர வேண்டும். அவளிடம் தனியாகப் பேசுவார்களா?

தாளை அவளிடம் கொடுத்து, "நீ கேக்கணும்னு ஏதாவது இருக்கா?" என்றோம். முழுவதும் படித்தாள்.

"ஒரு வருசம் முடிஞ்சதும் ஊசி யாரு தருவாங்க?"

எங்கள் பட்டியலில் அது இல்லை. சட்டம், விதி, வரலாறு எல்லாம் தெரிந்த எங்களுக்குத் தோன்றாத கேள்வி. ஓர் ஆண்டு வளர்ந்து பாதியில் நிற்கப் போவது அவள்தான், அவளுக்குத் தோன்றியது.

மருத்துவமனையில் அவளே அதைக் கேட்டாள். சோதனை நடத்துபவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்னும் ஓர் ஆண்டு நீட்டிப்பு உண்டு, அதற்கு மேல் எழுத்தில் எதுவும் இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். அந்த ஓர் ஆண்டு நீட்டிப்பை எழுதி வாங்கினோம். பிறகு அவர் கேட்டார்: "வீட்டுல பிரிட்ஜ் இருக்கா?" மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது. காலனியில் எத்தனை வீட்டில் பிரிட்ஜ் இருக்கும்? சாதி கேட்காமலேயே நம் பிள்ளைகள் வெளியே நிற்பது இப்படித்தான். மாலைப் பள்ளிக்கு ஒரு பழைய பிரிட்ஜ் வாங்கினோம். மின்வெட்டு வந்தால் ஐஸ் பெட்டிக்கு மாற்றும் பொறுப்பைப் பெரிய பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் யோசித்து அம்மா கையெழுத்துப் போட்டார். மகள் தன் பெயரைத் தானே எழுதினாள். இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. எவ்வளவு வளர்ந்தாள் என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீட்டிப்புக்குப் பிறகு அரசே மருந்து தர வேண்டும் என்று கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இளம் தோழர்களே, பெத்தெஸ்டா பற்றி நாங்கள் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கேலியை நோயாக்கி விற்பதை எதிர்க்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் குறைபாடே இல்லாத பிள்ளைக்கு ஊசி தேடிப் போகிற அதே உலகத்தில், நம் தெருவில் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 'உங்க ஆளுங்க இப்படித்தான்' என்று பதில் கிடைக்கிறது. இந்த இரண்டாவது அநீதியில் நாங்களும் ஒரு பங்கு வகித்தோம். நல்ல கோட்பாடு கையில் இருந்தால் பிள்ளையைப் பார்க்காமலேயே பதில் சொல்லிவிடலாம் என்ற மிதப்பு எங்களிடம் இருந்தது.

நீங்கள் மாலைப் பள்ளி நடத்தினால், விடுதியில் பணியாற்றினால், ஒன்று செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரே ஓர் அளவு எதையும் சொல்லாது, இரண்டு அளவு சொல்லும். பருவமடையாத பிள்ளை ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்தால் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் போங்கள். அளவை மற்ற பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் படிக்காதீர்கள்.

எங்கள் மாலைப் பள்ளியில் ஏப்ரல் 14 அன்று ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை அளக்கிறோம். அளந்து எழுதும் வேலையை இப்போது அவள்தான் செய்கிறாள். உயரமான பிள்ளைகளை அளக்க ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக்கொள்கிறாள்.

ஜெய்பீம்.